கெலிஓயாவில் வாய் அறுவைச் சிகிச்சை: கதிரைக்கு முன்னும் பின்னும்

வாய் அறுவைச் சிகிச்சையில் அறுவை நடைபெறும் நேரம் மிகக் குறுகியது. எலும்புக்குள் புதைந்து கிடக்கும் ஞானப்பல்லைக்கூட அனுபவமுள்ள மருத்துவர் பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் அகற்றிவிடுவார். அதன்பின் அந்தக் காயம் நோயாளியுடன் பேருந்தில் ஏறி, கலஹாவுக்கோ கம்பளைக்கோ ஏதேனும் ஒரு தோட்டத்து லயத்துக்கோ போய்ச் சேர்ந்து, ஒரு வாரமளவு வீட்டாரின் பொறுப்பில் இருக்கிறது. கெலிஓயாவிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் பல தசாப்தங்கள் பல்வைத்தியத்தில் ஈடுபட்ட இக்கட்டுரையாளர் கண்டவரையில், நோயாளிகளுக்கு நேர்ந்த சிக்கல்களுள் கைத்திறன் போதாமையால் வந்தவை சிலவே. முன்கூட்டிக் கேட்கப்படாத ஒரு கேள்வியாலோ, உரிய வேளையில் உரியவரிடம் சொல்லப்படாத ஓர் அறிவுரையாலோ வந்தவையே பல.

கெலிஓயா பேராதனையிலிருந்து கம்பளைக்குச் செல்லும் வீதியில், மகாவலிக்கு அண்மையில் அமைந்த சிறு நகரம். தமிழ் பேசும் முஸ்லிம்களும் சிங்களவரும் மலைத்தோட்டங்களிலிருந்து இறங்கிவரும் தமிழரும் ஒரே வாங்கில் அமர்ந்து முறைக்காகக் காத்திருக்கும் ஊர் இது. இலங்கையின் பல் மருத்துவக் கல்வி 1943இல் கொழும்பில் தொடங்கி 1950களில் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. 1998இல் ஜப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட பல் போதனா வைத்தியசாலையும் அங்கேயே இயங்குகிறது. நாட்டின் தலையாய பல் வைத்தியசாலை இவ்வளவு அண்மையில் இருப்பதால், சிறிய கிளினிக் ஒன்றின் முதன்மையான பணி, எந்தப் பல்லை இங்கேயே கழற்றலாம், எந்த நோயாளியைத் துண்டு எழுதிப் பேராதனைக்கு அனுப்ப வேண்டும் என்று பிரித்தறிவதாகவே நெடுங்காலம் இருந்து வந்துள்ளது.

மலையகத்தில் பல் கழற்றுவது ஏன் அவ்வளவு சாதாரணமான செயலாகக் கருதப்பட்டது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டு அறிஞரும் அவருடைய குழுவினரும் 1970இல் பூண்டுலோயாப் பகுதியின் டன்சினன், ஹரோ தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரைப் பரிசோதிக்கத் தொடங்கி, பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்தனர். பல் துலக்கும் வழக்கமோ பல்வைத்திய வசதியோ இல்லாத மனிதரிடம் ஈறு நோய், அதாவது பல்லைத் தாங்கும் எலும்பும் இழைகளும் படிப்படியாக அழிந்து பல் ஆட்டங்காணும் நிலை, தன் போக்கில் எவ்வாறு வளர்கிறது என்பதை அறிவதே அவர்களின் நோக்கம். 1986இல் வெளியான அவர்களின் கட்டுரை, எட்டு வீதத்தினரிடம் நோய் மிக விரைவாகவும் எண்பத்தொரு வீதத்தினரிடம் மிதமாகவும் முன்னேறியதையும், பதினொரு வீதத்தினரிடம் ஈறு வீக்கத்தைத் தாண்டி முன்னேறாததையும் காட்டிற்று. உலகெங்கும் பாடநூல்களில் இடம்பெற்ற இந்த ஆய்வு மலைநாட்டுத் தொழிலாளரின் வாய்களிலிருந்து பிறந்தது என்பதும், அந்த வாய்களுக்குப் போதிய வைத்தியம் நெடுங்காலம் கிட்டவில்லை என்பதும் ஒருங்கே நினைக்கத்தக்கவை. ஆடிய பல் எளிதாகக் கையோடு வந்துவிடும்; ஆகவே பல் கழற்றுவது உடல்நிலையோடு தொடர்பற்ற சில்லறை வேலை என்ற எண்ணம் மக்களிடம் வேரூன்றியது. உடலில் வேறென்ன நோய் உண்டு என்பதைப் பல்வைத்தியரிடம் சொல்லவேண்டிய தேவையையே பலர் உணராமல் போனதற்கு இந்த எண்ணமே காரணம்.

"ஏதாவது வருத்தம் இருக்கிறதா?" என்று கேட்டால் பெரும்பாலோர் இல்லை என்றே விடையளிப்பர். அவர்கள் பொய் சொல்வதில்லை. குளிசையால் கட்டுக்குள் இருக்கும் சீனி வருத்தமும் பிரஷரும் அவர்களுடைய மனத்தில் நோயாகவே பதிந்திருப்பதில்லை. "தினமும் ஏதாவது குளிசை போடுகிறீர்களா, எந்த ஆஸ்பத்திரியில் கிளினிக் போகிறீர்கள்?" என்று கேள்வியை மாற்றியபோது விடைகளும் மாறின. எனவே பல் கழற்ற வருபவர், கிளினிக் கொப்பியையும், வைத்தியசாலையில் குளிசை போட்டுக் கொடுக்கும் காகித உறைகளையும் உள்ளபடியே ஒரு பையில் இட்டுக் கொண்டுவருவது நன்று. குளிசையின் பெயர் தெரியாதவருக்கும் அந்த உறைகள் பேசும். இங்கே ஒரு நுட்பம் உண்டு: வாரத்துக்கு ஒன்றாக விழுங்கும் குளிசையையும் ஆண்டுக்கு ஒரு முறை ஏற்றும் ஊசியையும் நோயாளிகள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. எலும்புத் தேய்வுக்காக முதிய பெண்களுக்கு வழங்கப்படும் அலென்ட்ரோனேட், சொலெட்ரோனிக் அமிலம் போன்ற மருந்துகள் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றைப் பெற்றோருள் சிலருக்குப் பல் கழற்றிய இடத்தில் தாடையெலும்பு ஆறாமல் திறந்தபடி பட்டுப்போவதை அமெரிக்க அறுவை மருத்துவர் றொபர்ட் மார்க்ஸ் 2003இல் சுட்டிக்காட்டினார். எலும்புத் தேய்வுக்குக் குளிசையாக எடுப்பவரிடம் இது அரிது. புற்றுநோய்க்காக ஊசியாகப் பெறுபவரிடம் அதைவிடக் கூடுதலாக நிகழ்கிறது. மஹரகமவிலோ கண்டியிலோ தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிர்வீச்சுப் பெற்றவரின் தாடையும் இதேபோல் ஆறும் வலுவை இழக்கிறது; அதனால் கெட்ட பற்களைக் கதிர்வீச்சுத் தொடங்குவதற்கு இரண்டு வாரங்களேனும் முன்னதாகக் கழற்றிவிட வேண்டும் என்பதும், அத்தகையவர் எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும் எந்தப் பல்வைத்தியரிடமும் முதலில் அதைச் சொல்ல வேண்டும் என்பதும் விதியாகக் கொள்ளப்படுகின்றன.

இரத்தத்தை நீர்த்துப்போகச் செய்யும் மருந்துகளைப் பற்றிய நடைமுறை, இத்தொழிலில் கண்ட மாற்றங்களுள் மிகப் பெரியது. இருதய வால்வு மாற்றியவர்களும் பக்கவாதம் வந்தவர்களும் எடுக்கும் வோபரின், அஸ்பிரின், குளோபிடோகிரெல் ஆகியவற்றைப் பல் கழற்றுவதற்குச் சில நாட்கள் முன்பே நிறுத்திவிடும்படி ஒருகாலத்தில் எல்லோரும் சொல்லிவந்தனர். நிறுத்திய அந்த இடைவெளியில் வால்விலோ மூளையிலோ இரத்தம் கட்டினால் நேரக்கூடியது மரணம். நிறுத்தாமல் பல் கழற்றினால் நேரக்கூடியது, கடித்துப் பிடித்தும் தையலிட்டும் அடக்கக்கூடிய கசிவு. இவ்விரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்த்த பின்னர் நடைமுறை தலைகீழாயிற்று. இன்று வோபரின் எடுப்பவர் அதை நிறுத்தாமல், இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை முந்தைய நாளிலோ அன்றோ செய்து அறிக்கையுடன் வருகிறார். எண் நான்குக்குக் கீழே இருந்தால் ஓரிரு பற்களை உரிய ஏற்பாட்டுடன் கழற்றலாம் என்பதே பரவலான நெறி. புதிய வகை மருந்துகளில் சிலவற்றுக்குக் காலை வேளை மருந்தைத் தள்ளிப்போட நேரலாம். அதையும் மருந்தை எழுதிய மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். ஆயினும், பல் கழற்றப் போகிறோம் என்று அயலார் சொல்லைக் கேட்டுத் தாமாகவே குளிசையை நிறுத்திவிட்டு வருபவர்களை இன்னமும் காணமுடிகிறது. இது ஒருவர் செய்யக்கூடிய மிக ஆபத்தான தயாரிப்பு. செயற்கை வால்வு பொருத்தியவரும், முன்பு இருதய உட்சுவரில் கிருமித் தொற்று வந்தவரும், பிறவி இருதய நோயுள்ளோருள் சிலரும் பல் கழற்றுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பு நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை ஒரே தடவையாக எடுக்க நேரும். அவர்கள் இருதய கிளினிக்கின் கருத்தை எழுத்தில் பெற்று வருதல் வேண்டும்.

வெறும் வயிற்றோடு வருவதும் அதே வகையான தவறு. முழு மயக்கம் கொடுத்துச் செய்யும் அறுவைக்கு ஆறு மணித்தியாலம் முன்பிருந்து உணவு கூடாது என்ற விதி, விறைப்பு ஊசி மட்டும் போட்டுச் செய்யும் சிகிச்சைக்கும் பொருந்தும் என்று பலர் எண்ணிவிட்டனர். அதிகாலையில் தோட்டத்திலிருந்து புறப்பட்டு, ஒன்றும் உண்ணாமல் முற்பகல் வரை காத்திருந்து, ஊசியைக் கண்டதும் மயங்கி விழுந்தவர்களுக்குப் பல் காரணமன்று. பசியும் பயமுமே காரணம். சீனி வருத்தமுள்ளவர் குளிசையைப் போட்டுக்கொண்டு உணவைத் தவிர்த்தால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்குக் குறையும். ஆகவே ஊசி மட்டும் என்றால் வழக்கமான காலை உணவும் வழக்கமான குளிசையும் வேண்டும். றமழான் மாதத்தில் கெலிஓயாவில் இது தனியான கேள்வியாகிறது. அவசரமில்லாத பல்லைப் பெருநாளுக்குப் பின்னர் வைத்துக்கொள்வதும், காத்திருக்க முடியாத வலியென்றால் நோன்பு திறந்த பின்னர் மாலையில் செய்வதும் நோயாளிக்கும் மருத்துவருக்கும் நிம்மதி தருகின்றன. நோன்போடு கதிரையில் அமர்ந்துவிட்டு, இரத்தத்தை விழுங்கிவிடுவோமோ என்று அஞ்சித் துப்பிக்கொண்டே இருப்பவரின் காயம் ஆறுவது கடினம். விறைப்பு ஊசி தமக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்வோருள் பெரும்பாலோருக்கு முன்பு நேர்ந்தது ஒவ்வாமையன்று; ஊசியில் சேர்க்கப்படும் அட்ரினலினால் உண்டான படபடப்போ, அச்சத்தால் வந்த மயக்கமோதான். எனினும் அன்று என்ன நடந்தது என்பதை விளக்கமாகச் சொல்லவேண்டியது நோயாளியின் பொறுப்பு. அதைப் பொறுமையாகக் கேட்கவேண்டியது மருத்துவரின் பொறுப்பு.

வெற்றிலைக் கூறு மெல்லும் பழக்கம் இப்பகுதியில் அறுவைச் சிகிச்சையையே மாற்றிவிடும் வல்லமை கொண்டது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுப்பில், புகையிலை சேராத வெறும் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. புற்றுநோய்க்கு முன்னரே பாக்கு வேறொரு கேட்டையும் செய்கிறது: கன்னத்தின் உட்புறத் தோலுக்கு அடியில் நார்கள் தடித்து இறுகி, வாய் வர வரத் திறக்க முடியாமல் போகும் வாய்நார்த் தடிப்பு என்ற நிலை உருவாகிறது. அதன் முதல் அறிகுறியை நோயாளிகள் "உறைப்பு தாங்க முடியவில்லை" என்ற சொற்களாலேயே குறிப்பிடுவர்; கொச்சிக்காய்ச் சம்பலோடு வளர்ந்த ஒருவர் சாதாரணக் கறிக்கே வாய் எரிகிறது என்றால் அதைக் கேட்டுக் கடந்துவிடக் கூடாது. இரண்டு விரல் அகலம்கூடத் திறக்காத வாயில் பின்பல்லைக் கழற்றுவது எவ்வளவு கடினமோ, முழு மயக்கத்துக்காகச் சுவாசக் குழாய் செலுத்துவது அதைவிடக் கடினம். இலங்கையில் 2016இல் மெல்லும் புகையிலைப் பொருட்களின் விற்பனை தடைசெய்யப்பட்டது நல்ல செயல். பாக்கு எப்போதும்போல் வீட்டுத் தோட்டத்திலேயே காய்க்கிறது.

அறுவையின் கருவிகள் மாறியதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கண்ணாடிச் சிரிஞ்சைக் கொதிநீரில் அவித்த காலம் போய், ஒருமுறை மட்டும் பாவிக்கும் ஊசியும் கையுறையும் அமுக்க நீராவிக் கிருமிநீக்கமும் வந்தன; உளியும் சுத்தியலும் கொண்டு எலும்பு வெட்டிய இடத்தில் சுழல் கருவி வந்தது. நோயாளியின் பார்வையில் முக்கியமானது, தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்றே பரவலானதுதான். கீழ்த்தாடை ஞானப்பல்லின் வேர், கீழுதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பை ஒட்டிச் செல்கிறதா என்பது அதில் ஓரளவு தெரியும். ஒட்டிச் செல்லுமானால் அறுவைக்குப் பின் உதடு சில வாரங்களோ மாதங்களோ, அரிதாக நிரந்தரமாகவோ, விறைத்துக் கிடக்கக்கூடும் என்பதைக் கையொப்பம் வாங்குவதற்கு முன்னரே நோயாளியின் மொழியில் சொல்லியாக வேண்டும். பின்னர் சொல்லும்போது அது சாக்குப்போக்காகவே கேட்கும். சீழ் கட்டி வீங்கியிருக்கும்போது பல்லைத் தொடக்கூடாது, வீக்கம் வற்றிய பின்னரே கழற்ற வேண்டும் என்ற பழைய நம்பிக்கையும் இன்று தளர்ந்துள்ளது. சீழ் உள்ள இடத்தில் விறைப்பு மருந்து சரியாக வேலை செய்யாது என்பது உண்மையே. ஆனால் சீழுக்கு வழிதிறந்து மூலமான பல்லை விரைவில் அகற்றுவதே நோயைத் தணிக்கிறது. மருந்து மட்டும் எடுத்துக் காத்திருப்பவருக்கு வீக்கம் கழுத்துக்கு இறங்கலாம்.

அறிவுரையை எப்போது சொல்வது என்ற ஒன்றில் இக்கட்டுரையாளரின் கருத்து மிக உறுதியானது. வாயில் பஞ்சுத்துணியைக் கடித்தபடி, உதடு விறைத்து, தலை கிறுகிறுத்து எழுந்து நிற்கும் மனிதரிடம் பத்து விதிகளை ஒப்பித்து அனுப்புவது வழக்கமாகிவிட்டது. அவர் தலையசைப்பார், ஒன்றும் மனத்தில் தங்காது. ஊசி போடுவதற்கு முன்பே, கூட வந்தவரையும், இயன்றால் வீட்டில் சமைப்பவரையும் உட்காரவைத்துச் சொல்வதும், தமிழர் கையில் தமிழிலும் சிங்களவர் கையில் சிங்களத்திலும் எழுதிய தாளைக் கொடுப்பதும் வழக்கமான பின்னர், இரவில் இரத்தம் நிற்கவில்லை என்று கதவைத் தட்டியவர்கள் வெகுவாகக் குறைந்தனர்.

அவ்வாறு சொல்லவேண்டியவற்றுள் தலையாயது, பல் இருந்த குழியில் கட்டும் இரத்தக்கட்டியைக் காப்பது. அக்கட்டியே காயத்துக்கு மூடி. அதன் மீதுதான் புதிய தசையும் பின்னர் எலும்பும் வளர்கின்றன. துணியை அரை மணித்தியாலம் அழுத்திக் கடித்திருக்க வேண்டும். இடையிடையே எடுத்துப் பார்ப்பது கூடாது. முதல் நாள் முழுவதும் கொப்பளிக்கவோ, காறித் துப்பவோ, குழாயிட்டு இளநீர் உறிஞ்சவோ, புகைக்கவோ, வெற்றிலை போடவோ கூடாது. இவையெல்லாம் வாய்க்குள் இழுவிசையை உண்டாக்கியோ நச்சை ஏற்றியோ கட்டியைப் பெயர்க்கின்றன. எச்சிலோடு கலந்த இரத்தம் அதிகமாகத் தோன்றும். அதைக் கண்டு அஞ்சித் துப்பிக்கொண்டே இருந்தால்தான் உண்மையான கசிவு தொடங்கும். மீண்டும் கசிந்தால் சுத்தமான துணியை மடித்து, அல்லது நீரில் நனைத்த தேயிலைப் பையை வைத்து, மறுபடியும் அரை மணித்தியாலம் கடிக்கலாம். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் இரத்தம் கட்ட உதவுகிறது. அதன் பின்னும் நில்லாவிட்டால் இரவென்று பாராமல் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். மறுநாளிலிருந்து இளஞ்சூடான உப்பு நீரை வாயில் வைத்து மெல்ல அசைத்து வெளியேற விடலாம். சிறுவர் விறைப்பு நீங்கும் வரை உதட்டையோ கன்னத்தையோ கடித்துப் புண்ணாக்கிவிடாமல் பெரியவர் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். மேல் கடைவாய்ப்பல் கழற்றும்போது மேல்தாடை எலும்பிலுள்ள காற்றறையில் துவாரம் விழுந்திருந்தால், இரண்டு வாரங்கள் மூக்கைச் சிந்தாதிருப்பது அவசியம்.

கட்டி பெயர்ந்துவிட்டால் வருவது உலர்குழி. பல் கழற்றிய வலி தணிந்துவரும் வேளையில், இரண்டாம் மூன்றாம் நாளில், காது வரை பாயும் கடும் வலியும் துர்நாற்றமும் தோன்றி, குழிக்குள் வெறும் எலும்பு தெரியும் நிலை இது. இதற்கு அந்தப் பெயரை 1896இல் குறோபோர்ட் என்பவர் இட்டார். கீழ் ஞானப்பல்லிலும் புகைப்பவரிடமும் இது கூடுதலாக வருகிறது. வேர்த்துண்டை உள்ளே விட்டுவிட்டார்கள் என்று நோயாளிகள் சந்தேகிப்பதும், நுண்ணுயிர்க்கொல்லி வாங்கி விழுங்குவதும் வழக்கம், இரண்டும் பயனற்றவை. குழியைக் கழுவிக் கராம்பு எண்ணெய் சேர்ந்த மருந்தை அதில் வைத்தால் வலி சில மணித்தியாலங்களில் அடங்கும். கராம்பு கண்டி மாவட்டத்து வீட்டுத் தோட்டங்களில் விளைவதால், அதன் எண்ணெயைத் தாமே காயத்தில் ஊற்றிக்கொள்வோரும் உண்டு; மருந்தின் அளவில் வலியைத் தணிக்கும் அதே எண்ணெய், அளவின்றி ஊற்றினால் ஈற்றைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும். வலிக்கும் பல்லின் பக்கத்தில் அஸ்பிரின் குளிசையை ஒதுக்கி வைப்பதும் அப்படியே.

வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்தை அடைந்து பின் வற்றும் என்பதை முன்கூட்டி அறிந்தவர் கலங்குவதில்லை. முதல் நாள் வெளியிலிருந்து ஐஸ் ஒற்றலாம். சீழிருக்கும் இடத்தில் சூட்டு ஒத்தடம் கொடுத்தால், சீழ் கன்னத்துத் தோலை உடைத்துக்கொண்டு வெளியேறி நீங்காத தழும்பை விட்டுச்செல்லலாம். உணவைப் பற்றிய அச்சமே இங்கு பெரியது. மீன், முட்டை, இறால் எல்லாம் கிரந்தி என்று விலக்கி, வெறும் கஞ்சியோடு ஒரு வாரத்தைக் கழிக்கும் முதியவர்கள் காயம் ஆறுவதற்கு வேண்டிய புரதத்தை இழக்கின்றனர். முன்பே ஒவ்வாமை கண்டவரைத் தவிர மற்றவர்கள், ஆறிய பருப்பும் மசித்த முட்டையும் முள் நீக்கிய மீனும் மறுநாளிலிருந்தே உண்ணலாம். மேல்வாய்ப் பல்லைக் கழற்றினால் கண் பார்வை மங்கும் என்பதற்கும் ஆதாரம் எதுவும் இல்லை. வலிக்குப் பனடோலை உரிய அளவில் நேரம் தவறாமல் எடுப்பதே பெரும்பாலோருக்குப் போதும். டெங்குப் பரவல் மிகுந்த மாதங்களில் பல் கழற்றிய பின் காய்ச்சல் வந்தால், அதைப் பல்லின் காய்ச்சல் என்று தாமே முடிவுசெய்து டைக்ளோபெனக், இபுபுரூபன் போன்றவற்றை விழுங்கக் கூடாது. அவை டெங்கு நோயாளியிடம் இரத்தக் கசிவை மோசமாக்கும். முதலில் இரத்தப் பரிசோதனை வேண்டும்.

தாடையின் கீழே இருபுறமும் பலகைபோல் இறுகி வீங்குதல், நாக்கு மேலே தள்ளப்படுதல், எச்சிலைக்கூட விழுங்க முடியாமை, குரல் மாறுதல் ஆகியவை தோன்றினால் ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது. 1836இல் ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் விவரித்த இந்தக் கழுத்துத் தொற்று மூச்சுக்குழலை அடைத்துக் கொல்லும். அத்தகையவரை ஊர்க் கிளினிக்குக்குக் கொண்டுவந்து நேரத்தை இழப்பதைவிட நேரே பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதே உயிர்காக்கும்.

எல்லாம் முறையாகச் செய்தும் மூன்று வாரங்களுக்கு மேல் ஆறாத குழி, தசை மேலெழுந்து வளரும் குழி, ஒரு காரணமுமின்றித் தனியாக ஆட்டங்கண்ட பல் ஆகியவற்றை வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். இலங்கை ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய் முன்னணியில் நிற்பதால், ஆட்டங்கண்ட பல்லின் வேருக்கடியிலேயே அது மறைந்திருந்து, பல் கழற்றிய பின் வெளித்தெரிவது உண்டு. அங்கிருந்து ஒரு சிறு துண்டு தசையை எடுத்து நுண்காட்டியில் பார்ப்பதே அதை உறுதிசெய்யும் வழி. துண்டு எடுத்தால் நோய் பரவிவிடும் என்ற அச்சத்தால் மறுத்துச் சென்றவர்கள் உண்டு. அவர்களைவிட வேதனை தருபவர்கள், துண்டு கொடுத்துவிட்டு, வலி இல்லாததால் அறிக்கையைப் பெறவே வராமல் போனவர்கள். ஒரு நாள் சம்பளத்தை விட்டு மறுபடியும் மலையிறங்கி வருவது எளிதன்று என்பதை உணர்ந்த பின்னர், அத்தகைய நோயாளியின் தொலைபேசி எண்ணோடு, வீட்டிலுள்ள இன்னொருவரின் எண்ணையும் தோட்டத்து வைத்திய உதவியாளரின் எண்ணையும் அதே பக்கத்தில் எழுதிவைத்து, அறிக்கை வந்த அன்றே அழைத்துச் சொல்வது கிளினிக்கின் நிலையான வழக்கமாயிற்று.